மரச்சீனி பேலியோவில் சேருமா, டாக்டர்?

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 37. வீட்டு முன்னறையில் தையல் தொழில். கணவர் வளைகுடாவில். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகனும் 64 வயது மாமியாரும். உயரம் 154 செ.மீ., எடை 72 கிலோ. இரண்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் மூன்று மாதம்தான். அதற்குள் 58 கிலோவுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசை. கல்யாணப் புடவைக்கான ரவிக்கையை இப்போதே இரண்டு அங்குலம் குறைத்து வெட்டி வைத்துவிட்டாராம்!

உறவுக்காரப் பெண் ஒருத்தி ‘கற்கால உணவு’ என்று சொல்லப்படும் பேலியோ இருந்து நாலு மாதத்தில் 13 கிலோ குறைத்திருக்கிறாள். அவளிடம் வாங்கிய அட்டவணையையும் கடிதத்தோடு வைத்திருக்கிறார். காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம், மதியம் நாலு முட்டையும் காய்கறியும், மாலையில் வெண்ணெய் போட்ட டீ, இரவில் வயிறு நிறைய இறைச்சி. சோறு, கிழங்கு, பயறு, பழம் எதுவும் கிடையாது. இதை அப்படியே பின்பற்றலாமா? கற்கால மனிதன் கிழங்கு தோண்டித் தின்றவன்தானே, அப்படியானால் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) ஏன் கூடாது? தேங்காய் எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா? பேலியோவில் தைராய்டு குணமாகிவிடும் என்கிறார்களே, மாத்திரையை நிறுத்தலாமா? இவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: “மாமியாரும் என்னோடு சேர்ந்து இருக்கிறேன் என்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை. சோற்றையே நிறுத்திவிட்டால் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம்தானே?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்குக் கடைசி வரியிலிருந்து பதில் சொல்கிறேன். நாலு பக்கத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான்.

மாமியாரை இப்போது சேர்க்காதீர்கள்

மாமியாரின் மாத்திரைகளை அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், போன வருஷம் தனியார் டாக்டர் ஒருவர் சேர்த்த டாபாக்ளிஃப்ளோசினும். இந்த மூன்றில் மெட்ஃபார்மின் சாது. சாப்பாடு குறைந்தாலும் அது தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். மற்ற இரண்டும் அப்படிச் சாது இல்லை.

கிளிமிபிரைடு கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சோறு போட்டீர்களா, பாதாம் போட்டீர்களா என்று அது பார்க்காது. பல வருஷமாக மூன்று வேளையும் அரிசி சாப்பிட்ட உடம்புக்கு ஒரே நாளில் அரிசியை நிறுத்தி, மாத்திரையை மட்டும் பழைய அளவில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

டாபாக்ளிஃப்ளோசின் வேறு வகையில் சிக்கல். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை அது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதால் இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறோம். ஆனால் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டு இதையும் சாப்பிட்டால், உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் கீட்டோன் அளவு மீறி, ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் எல்லாம் வரும். வீட்டு மீட்டரில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 160, 180 என்றுதான் காட்டும். ‘சர்க்கரை நல்லாத்தானே இருக்கு, வாயுவாக இருக்கும்’ என்று இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை சாப்பிடும் யாருக்கும் இப்படி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. சர்க்கரை ஏறுவது வெளியே தெரியாமல் நடக்கும். சர்க்கரைக்காரர்களுக்குச் சோறு குறைவது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வரிசைதான் முக்கியம். முதலில் மூன்று அட்டைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், ‘சோற்றைப் பாதியாக்கப் போகிறோம்’ என்று சொல்லுங்கள். அவர் மாத்திரையை மாற்றித் தந்த பிறகு தட்டை மாற்றுங்கள். அரசு ஊழியர் தருவது ஒரு டப்பாவிலும் தனியார் டாக்டர் தந்தது இன்னொரு டப்பாவிலுமாக இருந்து, இரண்டையும் ஒன்றாகப் பார்த்த டாக்டரே இல்லாத வீடுகளை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

உங்கள் தைராய்டு மாத்திரைக்கும் பதில் இதுதான்: நிறுத்தக் கூடாது. சுரப்பி வேலை செய்யாததால், அது தர வேண்டியதை மாத்திரையாகத் தருகிறோம். பாதாம் தின்றால் சுரப்பி மறுபடி எழுந்துகொள்ளாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாயா. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. அட்டவணையில் ‘இந்துப்பு மட்டும்’ என்றும் ஒரு வரி கண்டேன். சாதாரண அயோடின் உப்பையே வைத்துக்கொள்ளுங்கள். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை.

கற்காலமும் மரச்சீனியும்

மரச்சீனிக் கேள்வியை ரசித்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1985-இல் ஈட்டன், கானர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மருத்துவ இதழில், விவசாயம் வருவதற்கு முந்தைய மனிதனின் உணவைப் பற்றி எழுதினார்கள். பேலியோ என்று பின்னால் பரவிய எண்ணத்துக்கு அது ஒரு பெரிய அடித்தளம். அந்தப் பேலியோவில் தானியம், பயறு, சர்க்கரை, பாக்கெட் பண்டங்களோடு பாலும் கிடையாது. பால் கிடையாது என்றால் வெண்ணெய் இல்லை, பனீர் இல்லை. இப்போது உங்கள் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வெண்ணெய் டீயும் நெய்யும் அதில் பாதி! தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் ஓடுவது உண்மையில் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை. பலருக்கு அது பலன் தந்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கற்காலத்தின் பெயரைச் சொல்லி அதற்குத் தனி மகிமை ஏற்ற வேண்டாம்.

கற்கால மனிதன் நமக்கு அந்நியனும் அல்ல. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தார். அதிரம்பாக்கத்துக் கருவிகள் 15 லட்சம் வருஷம் பழையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல் மிஞ்சியது, அவன் தின்றது மிஞ்சவில்லை. வேறு இடங்களில் கிடைத்த நியாண்டர்தால் மனிதரின் பல்காரையில் சமைத்த மாவுச்சத்தின் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். ஆக, அவர்கள் கிழங்கோ விதையோ கிடைத்ததைத் தின்றிருக்கிறார்கள். இறைச்சி மட்டும் தின்று வாழ்ந்தார்கள் என்பது கதை. அந்த அளவுக்கு நீங்கள் கேட்டது சரி.

மரச்சீனி மட்டும் அந்தக் கணக்கில் வராது. அது தென் அமெரிக்கக் கிழங்கு. நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பியது. நம் வீட்டுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுகூட முழுசாக ஆகவில்லை. காச்சில், சேம்புக் கிழங்குகள் அதற்கு மூத்தவை.

வரலாறு கிடக்கட்டும், தட்டுக்கு வருவோம். அவித்த மரச்சீனி ஒரு தட்டு, 300 கிராம் என்று வைத்துக்கொண்டால், மாவுச்சத்து மட்டும் 90 கிராம் அளவுக்கு வரும். புரதம் நாலு கிராம் தேறினால் பெரிது. அதனால்தான் நம் ஆட்கள் அதைத் தனியாகத் தின்னாமல் சாளை (மத்தி) மீன் குழம்போடு தின்றார்கள். வயலில் நின்றவர்களுக்கும் விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவர்களுக்கும் அந்தத் தட்டு எரிந்துவிடும். தையல் மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்காருபவருக்கு எரியாது. வாரத்தில் ஒரு நாள், மதியச் சோற்றுக்குப் பதிலாக, இரண்டு மூன்று துண்டு சாப்பிடுங்கள். சோற்றுக்கு மேல் சாயங்காலப் பலகாரமாக வேண்டாம். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள், கிழங்கில் இருக்கும் நச்சுப்பொருள் அப்படித்தான் வெளியே போகிறது.

நூறு பாதாம்

நூறு பாதாம் என்றால் ஏறக்குறைய 120 கிராம். 700 கலோரிக்குப் பக்கத்தில் வரும், அதற்கு மேல் வறுத்த நெய். பாதாம் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாள் முழுவதற்கும் தேவைப்படும் 1400, 1500 கலோரியில் பாதி காலை எட்டு மணிக்கே உள்ளே போய்விடுகிறது. மாதம் மூன்றரை கிலோவுக்கு மேல் பாதாம், செலவு மூவாயிரம் ரூபாயைத் தொடும். அந்தக் காசுக்கு மூன்று பேருக்கும் மீன் வாங்கலாம், மகன் தட்டிலும் ஒரு துண்டு கூடுதலாக விழும். பாதாமில் ஆக்சலேட் அதிகம், முன்பு சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த அளவுக்குச் சாப்பிடவே கூடாது. உங்களுக்கு வந்ததாக எழுதவில்லை. வந்திருந்தால் இதைக் கோடு போட்டுப் படியுங்கள். ஆசையாக இருந்தால் நாளுக்கு 15 போதும், நெய் வேண்டாம்.

உறவுக்காரப் பெண்ணுக்கு எப்படிக் குறைந்தது என்று கேட்பீர்கள். பரோட்டா, பிஸ்கட், சீனி, பொரித்தது எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயிற்று. முட்டையும் இறைச்சியும் நெடுநேரம் பசி தாங்கும். மொத்தச் சாப்பாடு தானாகக் குறைந்தது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியிருக்கும், அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போகும், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் திரும்பியும் வரும்.

ஆய்வுகள் சொல்வதும் இதையொட்டித்தான். ஸ்வீடனில் உடல் பருமனான 70 பெண்களை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்தில் பேலியோ உண்டவர்களுக்குக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. இரண்டு வருஷ முடிவில், வழக்கமான உணவு ஆலோசனைப்படி சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 609 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்விலும், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சராசரி 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 5.3 கிலோ இறங்கியது. இரண்டு குழுவுக்கும் சொன்னது காய்கறியைக் கூட்டு, சீனியையும் மைதாவையும் குறை என்பது. ஒரு வருஷம் கழித்தும் உங்களால் தொடர முடிகிறதா என்பதுதான் கேள்வி. நானே ஒரு முறை கெடுபிடியாகப் பேலியோ இருந்து பார்த்தேன். மூன்று வாரம் ஓடியது. நாலாவது வாரம் வீட்டுப் பின்னால் சக்கை, அதாவது பலா, பழுத்துவிட்டது.

நீங்கள் ‘கொஞ்சமாக’ சாப்பிடும் நாள்

‘ரொம்பக் கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே ஒரு நாளை நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, அதனால் நன்றி. காலை ஐந்தரைக்குச் சாயா, இரண்டு பிஸ்கட். எட்டு மணிக்குப் புட்டும் மூன்று மட்டி வாழைப்பழமும். பதினொன்றுக்குத் துணி கொடுக்க வருகிறவர்களோடு ஒரு சாயா. மதியம் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு. நாலு மணிக்குச் சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும். தைக்கும்போது பக்கத்தில் ஒரு டப்பா. ஆறு மணிக்கு இன்னொரு சாயா. இரவு பத்துக்கு மகன் மிச்சம் வைத்த தோசையோ பரோட்டாவோ, ‘வீணாகப் போகுதே’ என்று.

நாலு சாயாவுக்கு இரண்டிரண்டு கரண்டி சீனி என்றால் நாளுக்கு 40 கிராம். அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த டப்பா நம் மாவட்டத்தில் தையல் கடை, ரேஷன் கடை, என் ஆலோசனை அறை எல்லாவற்றிலும் இருப்பதுதான். மதியச் சோற்றை விட நாலு மணி முதல் பத்து மணி வரை உள்ளே போவதுதான் உங்கள் எடை. மிதி மெஷினுக்கு மூன்று வருஷம் முன்பு மோட்டார் போட்டதாகவும் இடையில் எழுதியிருக்கிறீர்கள். மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன், முழங்காலுக்கு அது நல்லது. காலுக்கு இருந்த ஒரே வேலையும் போனது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எப்படித் தொடங்கலாம்

ஒல்லியாக வேண்டும் என்கிறீர்கள். மூன்று மாதத்தில் 14 கிலோ என்றால் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைகிற எடையில் கால்வாசி தசையாகப் போகலாம், பித்தப்பையில் கல் சேரலாம். இன்னொன்றும் உண்டு. எடை மளமளவென்று குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்தாகக் கொட்டும். உங்கள் கணக்கில் அது கல்யாண வாரம். ஆவணிக்குள் ஐந்து, ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உங்கள் பி.எம்.ஐ. இப்போது 30-ஐத் தாண்டியிருக்கிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கூடுதல், 25-க்கு மேல் பருமன். ஆகவே குறைக்க வேண்டும் என்ற உங்கள் முடிவு சரி. இந்த ஐந்து கிலோவே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கணிசமான நன்மை செய்யும். மிச்சம் கல்யாணத்துக்குப் பிறகு.

முதல் இரண்டு வாரம் சோற்றில் கை வைக்க வேண்டாம். சாயாவில் சீனியை முதல் வாரம் ஒரு கரண்டி, அடுத்த வாரம் அரைக் கரண்டி என்று இறக்குங்கள். டப்பா மெஷின் பக்கத்திலிருந்து அடுக்களைக்குப் போகட்டும். எட்டு மணிக்குள் ராச்சாப்பாடு. மகன் தட்டு மிச்சம் கோழிக்கு.

மூன்றாம் வாரத்திலிருந்து பேலியோவின் நல்ல பாதியை எடுத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு முட்டை, ஒரு காய்த் துவரன் (பொரியல்), ஆசைக்கு அரைக் குழல் புட்டு. மதியம் தட்டில் பாதி காய், கையகலம் மீன், ஒரு கப் சோறு. இரவில் சோறு, தோசை வேண்டாம். மீனோ முட்டையோ கோழியோ, கூடவே முருங்கைக் கீரை, புடலங்காய், பூசணி எதுவானாலும். நாளுக்கு 70, 80 கிராம் புரதம் வர வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், கணக்குப் போட்டுப் பாருங்கள். பேலியோ தள்ளிவைக்கும் சிறுபயறையும் கடலையையும் நீங்கள் தள்ள வேண்டாம். அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் பற்றிப் பயமுறுத்துவார்கள். ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். பச்சைப் பயறு தின்கிற வீடு எதுவும் நம் ஊரில் இல்லை. தயிரும் இருக்கட்டும். பழம் நாளுக்கு ஒன்று, மட்டி என்றால் இரண்டு.

மீனுக்கு இப்போது நேரம் சரியில்லை என்பது தெரியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை தடை, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நெய்மீன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கேட்க வேண்டியதும் இல்லை. வள்ளத்தில் வரும் சாளையும் அயிலையும் நெத்தோலியும் போதும், சாளையில் இருக்கும் ஒமேகா கொழுப்புக்கு நெய்மீன் ஒன்றும் மேலல்ல. நெத்தோலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். மீன் கிடைக்காத நாளில் முட்டை. கருவாட்டை மட்டும் தினமும் சேர்க்காதீர்கள், உப்பு கூடிவிடும்.

தேங்காய் எண்ணெய் கேட்டிருந்தீர்கள். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொழுப்பு எனும் எல்.டி.எல்.லை ஏற்றும். விலக்க வேண்டாம், ஆனால் ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ கிடையாது. எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். தேங்காயும் அப்படித்தான். ஒரு முறியில், அதாவது அரைத் தேங்காயில், 150 கிராம் பருப்பு இருந்தால் 500 கலோரியைத் தாண்டும். தினமும் அரைத்த குழம்பு என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். இடைப்பட்ட நாளில் புளியும் மிளகாயும் மட்டும் கூட்டிய குழம்பு. மாமியார் முகம் சுளிப்பார்கள். ஒரு வாரம் சமாளியுங்கள்.

தசைக்கு வேலை கொடுக்காமல் ஒல்லியானால் உடம்பு தொளதொளவென்றுதான் இருக்கும். தைக்கும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், காலை, மதியம், மாலை மூன்று தடவை. சுவரில் கையூன்றிப் பத்து முறை தள்ளுங்கள். ராச்சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் நடை.

அப்புறமும் அட்டவணைப்படிதான் இருப்பேன் என்றால்

உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. தடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் தொடங்குமுன் ரத்தத்தில் கொழுப்பு அளவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், யூரிக் அமிலம், ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் பாக்கேஜ் வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ முதலில் விசாரியுங்கள். மூன்று மாதம் கழித்துக் கொழுப்பையும் தைராய்டையும் மறுபடி பாருங்கள். சிலருக்கு இந்த முறையில் எல்.டி.எல். திடீரென்று ஏறுகிறது, யாருக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எடை குறைந்தால் தைராய்டு மாத்திரை அளவும் மாறலாம்.

முதல் வாரம் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, கிறுகிறுப்பு வரும். மாவுச்சத்து குறைந்ததும் சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதால் வருவது அது. ரத்த அழுத்தம் இல்லாத உங்களுக்கு உப்புப் போட்ட மோர் போதும். நெஞ்சு படபடப்பு, மயக்கம், விடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, மாதவிலக்கு தள்ளிப்போவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரண்டாவது குழந்தைக்கு யோசனை இருந்தால் இந்த அட்டவணையை இப்போதே மடித்து வைத்துவிடுங்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் இது கூடவே கூடாது.

எடை மெஷின் வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் கழுத்திலேயே இஞ்ச் டேப் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பிடுமுன், தொப்புள் மட்டத்தில் மூச்சை விட்டபின் அளந்து, அளவு எழுதும் அந்த நோட்டுப் புத்தகத்திலேயே ஒரு பக்கத்தில் குறியுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வர வேண்டும். இப்போது எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஊரில் எல்லோர் அளவும் எடுக்கிறவர் தன் அளவை எடுக்கவில்லை!

கல்யாண வீட்டில் இலை போட்டால் சாப்பிடுங்கள். பருப்பு, நெய், அவியல், பப்படம் எல்லாம். பாயசம் ஒரு கரண்டி, பழத்தைப் பிசைந்து. ரவிக்கை வெட்டியாயிற்று, சரி. ஒட்டுப் போட அதே துணியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் அல்லவா, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அளவெடுத்துக் கடைசித் தையலைப் போடுங்கள்.